வாடகையே தவணையைக் கட்டிவிடுமா?

கடனில் ஒரு பழைய ஃப்ளாட்டை வாங்கி வாடகைக்கு விட்டால், வாடகையே மாதத் தவணையைக் கட்டிவிடும். இருபது வருஷம் கழிந்தால் வீடு சும்மா கிடைத்த மாதிரி. சென்னையிலும் கோவையிலும் வீட்டு புரோக்கர்கள் வாயில் இந்தப் பேச்சு ஓயாது. இதை நம்பிச் சேமிப்பை எல்லாம் முன்பணமாகக் கட்டிவிட்டு, மாதாமாதம் கையைக் கடிக்கும் தவணையோடு திண்டாடும் சம்பளக்காரக் குடும்பங்கள் ஏராளம். ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டால் உண்மை பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

மடிப்பாக்கம் பக்கம் இரண்டு படுக்கையறைகளோடு ஒரு பழைய ஃப்ளாட், விலை 60 லட்சம், வாடகை ரூ.18,000 என்று வைத்துக்கொள்வோம். வருஷ வாடகை ரூ.2,16,000. அதாவது போட்ட பணத்துக்கு 3.6 சதவீதம். சொத்து வரி, சில்லறை ரிப்பேர், இரண்டு வருஷத்துக்கு ஒரு மாதமாவது வீடு காலியாகக் கிடப்பது, பெயின்ட், எல்லாவற்றையும் கழித்தால் கைக்கு வருவது வருஷம் ரூ.1,80,000 என்ற அளவில்தான் நிற்கும். மாதத்துக்கு ரூ.15,000. விளம்பரத்தில் போடும் வாடகையை மறந்துவிட்டு, கைக்கு வரும் இந்த ரூ.15,000-ஐ வைத்துத்தான் மற்ற எல்லாக் கணக்கையும் போட வேண்டும்.

இப்போது கடன். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரையும், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும் வங்கிகள் தரலாம். ஆக 60 லட்சம் ஃப்ளாட்டுக்கு அதிகபட்சம் 48 லட்சம் கிடைக்கும். 8.5 சதவீத வட்டியில் இருபது வருஷத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ ரூ.41,650. வாடகை அதில் பாதிகூட இல்லை. போதாக்குறைக்கு, பழைய வீட்டைக் கிரயம் செய்யும்போது தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அது ஒரு 5.4 லட்சம். இந்தத் தொகையை வங்கி வீட்டு மதிப்பில் சேர்த்துக்கொள்ளாது, முழுக்கக் கைக்காசு. முன்பணம் 12 லட்சம், பதிவுச் செலவு, பழைய வீட்டைச் சரிசெய்ய நான்கு லட்சம் என்று கூட்டினால், முதல் வாடகை வருவதற்கு முன்னாலேயே 21 லட்சத்துக்கு மேல் இறங்கியிருக்கும். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் பேசிய விலையைவிடக் குறைத்து மதிப்பிட்டால், பழைய கட்டடங்களில் இது சகஜம், கைக்காசு இன்னும் கூடும்.

"வரியில் மிச்சமாகுமே" என்பார்கள். பழைய வரி முறையில் அது ஓரளவுக்கு உண்மை. வாடகையில் சொத்து வரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதத்தை நிலையான கழிவாக எடுத்துக்கொண்டு, அதற்கும் மேல் கடன் வட்டி முழுவதையும் கழிக்கலாம். நம் உதாரணத்தில் முதல் வருஷ வட்டியே சுமார் 4 லட்சம். ஆகவே இரண்டரை லட்சம் போல நஷ்டம் காட்டும். அதில் 2 லட்சம் வரை சம்பள வருமானத்தோடு ஈடுகட்டிக்கொள்ளலாம், மீதியை எட்டு வருஷத்துக்குத் தள்ளிக்கொண்டு போகலாம். ஆனால் 2023-24 நிதியாண்டு முதல் புதிய வரி முறைதான் இயல்பான முறை. அதில் வாடகை வருமானம் பூஜ்யமாகும் வரை வட்டியைக் கழிக்கலாமே தவிர, நஷ்டத்தைச் சம்பளத்தின் மேல் சாத்த முடியாது. பழைய முறையின் நினைப்பிலேயே கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

அப்படியானால் எவ்வளவு கடன் வாங்கலாம்? கைக்கு வரும் வாடகை தவணையை மூடும் அளவுக்கு என்பது என் கணக்கு. மாதம் ரூ.15,000 வந்தால் அதே வட்டியில் 17 லட்சம் வரை தாங்கும். அதற்கு மேல் வாங்குவதானால், அந்தக் கூடுதல் தவணை உங்கள் சம்பளத்திலிருந்து வருஷக்கணக்கில் போகும் சேமிப்பு என்று தெரிந்தே வாங்க வேண்டும். விலை ஏறும் என்ற நம்பிக்கையில் போடும் பணம் அது. வாடகை வருமானம் என்று அதற்குப் பெயர் சூட்ட வேண்டாம். எப்படியும் ஆறு மாதத் தவணையைத் தனியாக ஒரு டெபாசிட்டில் வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். மிதக்கும் வட்டிக் கடனை, அதாவது வட்டி அவ்வப்போது ஏறி இறங்கும் கடனை, தனிநபர் முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது, ஆகவே போனஸ் வரும்போதெல்லாம் அசலில் கட்டுங்கள். வட்டி ஏறும் சமயத்தில் வங்கி தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டிவிடும். தவணையை ஏற்றிக்கொள்வதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரிடம் வங்கி கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. அந்தக் கடிதம் வந்தால் படிக்காமல் ஓரமாக வைத்துவிடாதீர்கள்.

இதற்கு நேர்மாறாக, கணக்கு உண்மையிலேயே உதைக்காத ஒரு வழி நம் ஊர்களில் காலங்காலமாக இருக்கிறது: இருக்கும் வீட்டின் மேல் மாடி எடுத்து வாடகைக்கு விடுவது. மனைக்குக் காசு இல்லை, கிரயச் செலவு இல்லை. 700 சதுர அடிப் போர்ஷனை சதுர அடிக்கு ரூ.2,500 வீதம் கட்டினால் 17.5 லட்சம். அது ரூ.12,000 வாடகைக்குப் போனால் வருஷம் ரூ.1,44,000, அதாவது 8 சதவீதத்துக்கு மேல். ஃப்ளாட்டில் கிடைப்பதைப் போல இரண்டு மடங்கு. வீட்டு விரிவாக்கத்துக்கென்றே வங்கிகள் கடன் தருகின்றன. வாடகைக்கு விட்ட பகுதிக்கான வட்டியை அந்த வாடகையில் கழித்துக்கொள்ளவும் முடியும். மேலே ஆள் இருப்பதால் வயதான பெற்றோருக்குத் துணை என்பது கணக்கில் வராத லாபம்.

ஆனால் அஸ்திவாரம் தாங்குமா என்று ஒரு கட்டுமானப் பொறியாளரிடம் கேட்காமல், மேஸ்திரி சொன்னார் என்று மாடி எடுக்கவே கூடாது. தரைத்தளத்துக்கு மட்டும் போட்ட அஸ்திவாரமும் மெலிந்த தூண்களும் உள்ள வீடுகள் நிறைய. அனுமதி இல்லாமல் கட்டுவதும் பின்னால் கடனுக்கும் மின் இணைப்புக்கும் முட்டுக்கட்டையாகும். 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டும் வீட்டுக்கு இணையவழியிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. உங்கள் வீடு அந்த அளவுக்குள் வருமா என்று முதலில் பாருங்கள்.

அதே மூச்சில் மின் இணைப்பையும் சொல்லிவிடுகிறேன். போர்ஷனுக்குத் தனி இணைப்பு வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். இரண்டு குடும்பத்துக்கு ஒரே மீட்டர் என்றால் இலவசமும் பாதியாகிறது, கட்டணமும் மேல்படிக்குத் தாவுகிறது. சப் மீட்டர் போட்டு, வாரியம் வாங்குவதைவிடக் கூடுதலாக யூனிட்டுக்கு இவ்வளவு என்று குடியிருப்பவரிடம் வாங்குவது இங்கே பரவலான பழக்கம். அது நியாயமில்லை. நல்ல குடித்தனக்காரர் விட்டுப் போவதற்கு அது ஒரு காரணமாகவும் ஆகிறது.

பணத்தைத் தண்ணீர் போகும் இடத்தில் போடுங்கள்

பழைய வீட்டைச் சரிசெய்து வாடகைக்கு விடுகிறவர்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் செலவழிக்கிறார்கள். ஃபால்ஸ் சீலிங், வால்பேப்பர், மாடுலர் கிச்சன். இரண்டு மழைக்காலம் போனால் கிச்சன் பலகை தண்ணீர் குடித்து உப்பிவிடும். குடிவர நினைப்பவர் வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது கவனிப்பவை வேறு: குழாயைத் திறந்தால் தண்ணீர் எப்படி வருகிறது, மெட்ரோ தண்ணீர் உண்டா அல்லது உப்புத் தண்ணீர் போர்வெல் மட்டுமா, கழிப்பறையில் நாற்றம் இருக்கிறதா, சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா, ஜன்னலுக்குக் கொசு வலை உண்டா, வண்டி எங்கே நிறுத்துவது, துணி எங்கே காயப்போடுவது. 2019 கோடையில் சென்னை தண்ணீருக்குத் தவித்த பிறகு முதல் கேள்வியே தண்ணீர்தான்.

வீட்டுக்குள் அதிகம் கெடும் இடம் கழிப்பறை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கட்டிய ஃப்ளாட்டுகளில் கழிப்பறைத் தளத்தை மட்டும் ஒரு அடி போலக் கீழே இறக்கிப் போட்டு, அந்தப் பள்ளத்தில் குழாய்களை ஓட்டி, செங்கல் துண்டும் மணலும் கொட்டி மூடி, மேலே டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். சங்கன் ஸ்லாப் என்பார்கள். குழாய் இணைப்பில் மயிரிழை விரிசல் விட்டாலோ டைல்ஸ் இடுக்குச் சாந்து கரைந்தாலோ, தண்ணீர் அந்தப் பள்ளத்தில் சொட்டுச் சொட்டாகத் தேங்கும். வருஷக்கணக்கில் ஒன்றும் வெளியே தெரியாது. அப்புறம் கீழ்வீட்டுச் சீலிங்கில் மஞ்சளாய் ஒரு வட்டம் வரும், அது பெருகிப் பூச்சு உரியும், உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி கான்கிரீட்டையே பெயர்த்துத் தள்ளும். கீழ்வீட்டுக்காரரோடு சண்டை வேறு.

இதற்கு, பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டுவதும் இடுக்கில் வெள்ளைச் சிமென்ட் தேய்ப்பதும் பயன் தராது. பள்ளத்தில் உள்ளதை எல்லாம் வெட்டி எடுத்துத் தளம் தெரியும் வரை சுத்தம் செய்ய வேண்டும். துருவேறிய பழைய இரும்புக் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு, தண்ணீருக்குச் சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் குழாய், கழிவுக்கு நல்ல பிவிசி. தரையும் சுவரும் சேரும் மூலைகளைக் கலவையால் வளைத்துப் பூசி, நீர்க்காப்புப் பூச்சை இரண்டு கோட், சுவரிலும் ஒரு அடி உயரத்துக்கு, குளிக்கும் பக்கம் இன்னும் உயரமாக. அது காய்ந்ததும் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டு, கீழ்வீட்டில் போய்ச் சீலிங்கைப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைத் தவிர்க்கத்தான் எல்லா வேலையாட்களும் பார்ப்பார்கள், அவர்களுக்கு அது இரண்டு நாள் கூலி. நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள். காய்ந்த சீலிங்கைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பள்ளத்தை நிரப்பி, வாட்டம் வைத்து டைல்ஸ் போடச் சொல்ல வேண்டும். ஒரு கழிப்பறைக்கே ஒரு லட்சத்தை நெருங்கலாம். ஆனால் பதினைந்து வருஷத்துக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்காது.

அடுத்தது வயரிங். ஃபேனும் ட்யூப் லைட்டும் மட்டும் இருந்த காலத்தில் இழுத்த கம்பியில் இன்று ஏசி, கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் ஓடுகின்றன. எர்த் கம்பி இல்லாத வீடுகளை இன்றும் பார்க்கலாம். ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனிக் கம்பி, ஃப்யூஸுக்குப் பதில் லோடு கூடினால் தானே அணையும் எம்சிபி சுவிட்ச், மொத்த வீட்டுக்கும் மின்கசிவு வந்த உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி, இவை கட்டாயம். ஈரக்கையால் சுவிட்சைத் தொடும் ஒரு குழந்தையின் உயிர் அந்தச் சின்னக் கருவியில் இருக்கிறது. வாடகைக்கு விடும் வீடுதானே என்று இதில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது.

மேல்மாடி வீடாக இருந்தால் மொட்டைமாடித் தட்டோட்டு விரிசல்களை மழைக்கு முன்பே அடைத்து, வெயில் தாங்கும் வெள்ளை ஓடோ பூச்சோ போட்டுவிடுங்கள். பெயின்ட் நடுத்தர எமல்ஷன் போதும், வெளிர் நிறம் ஒன்றே எல்லா அறைக்கும். அடுத்த முறை தொட்டுப் பூச வசதி. சமையலறைக்குக் கிரானைட் மேடை, திறந்த தட்டுகள், பரணுக்குக் கதவு. அவ்வளவுதான்.

ஆடி வந்தால் வீடு காலி

எந்த மாதத்தில் வீடு காலியாகிறது என்பது வருமானத்தில் பெரிய விஷயம். ஆடியிலும் மார்கழியிலும் நம் ஆட்கள் வீடு மாற மாட்டார்கள். சிலர் புரட்டாசி, பங்குனியையும் தவிர்ப்பார்கள். ஜூலை பாதியில் காலியான வீடு ஆவணி பிறக்கும் வரை பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கும். பிள்ளைகள் படிப்புக்காக மாறுகிறவர்கள் சித்திரை, வைகாசியில், பள்ளி திறப்பதற்குள் மாறிவிடப் பார்ப்பார்கள். ஆகவே ஒப்பந்தம் ஏப்ரல், மே மாதத்தில் முடியும்படி முதல் தடவையே நாள் பார்த்து எழுதிக்கொள்ளலாம். எப்படியோ ஆடியில் காலியாகிவிட்டதா, கழிப்பறை வேலைக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.

ஒரு மாதம் காலி என்பது வருஷ வருமானத்தில் 8 சதவீதத்துக்கு மேல். ஒழுங்காக வாடகை தரும் குடும்பத்திடம் ரூ.18,000-ஐ ஒரேயடியாக ரூ.20,000 ஆக்கு என்று பிடிவாதம் பிடித்து அவர்கள் போய்விட்டால், ஒரு மாத வாடகை, பெயின்ட், புரோக்கர் கமிஷன் எல்லாம் சேர்ந்து நாற்பதாயிரத்தைத் தாண்டிவிடும். கூடுதலாகக் கிடைப்பது வருஷத்துக்கு ரூ.24,000. வருஷம் 5 சதவீதம் ஏற்றம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் இந்தப் பேச்சே வராது.

"சைவம் மட்டும்", "பேச்சலர் கிடையாது", இன்னும் வாய்விட்டுச் சொல்லாத சாதி, மதக் கேள்விகள் எல்லாம் இன்றும் நடக்கின்றன. ஒரு மனிதரின் சாப்பாட்டையும் பிறப்பையும் கேட்டு வீடு மறுப்பது தவறு. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. வேலை, வருமானம், முன்பு குடியிருந்த வீட்டுக்காரரிடம் ஒரு விசாரணை, அடையாள அட்டை, இவை போதும் ஒருவரை எடைபோட. நிபந்தனை கூடக் கூட வீடு காலியாகக் கிடக்கும் மாதங்களும் கூடும் என்பது கணக்குப் பார்ப்பவர்களுக்கு.

எழுதிக்கொள்ளாத வாய்ப்பேச்சு

1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றிய உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி எந்த வாடகையும் எழுத்தில் இருக்க வேண்டும், அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இணையவழியிலேயே செய்யலாம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் வந்த பழக்கம்தான் பதினோரு மாத ஒப்பந்தம். பதினோரு மாதம்தானே என்று இந்தப் பதிவையும் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் புதிய சட்டத்தில் கால அளவு பார்த்து விலக்கு இல்லை. நாளைக்கு வாடகை நின்று, காலி செய்யக் கேட்டு வாடகை நீதிமன்றத்துக்குப் போனால், பதிவில்லாத தாள் உங்களுக்குப் பெரிதாகக் கைகொடுக்காது. வாடகைதாரருக்கும் அதே கதைதான்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்கிறது சட்டம், இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய. சென்னையின் பத்து மாத வழக்கம் இந்த இடைவெளியில்தான் உயிரோடு இருக்கிறது. அந்தப் பணத்தைக் கடனை அடைக்கவோ டைல்ஸ் போடவோ செலவழித்துவிட்டு, காலி செய்யும் நாளில் "அடுத்த ஆள் வரட்டும், தருகிறேன்" என்பதுதான் இங்கே பாதிச் சண்டைகளுக்கு வேர். வாங்கிய அன்றே வங்கியில் தனி டெபாசிட்டாகப் போட்டுவிட வேண்டும்.

யார் எதைச் சரிசெய்வது என்பதற்குச் சட்டத்தின் அட்டவணையே இருக்கிறது. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயின்ட், குழாய் மாற்றுவது, வயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், கீசர் ரிப்பேர், உடைந்த கண்ணாடி போன்றவை வாடகைதாரர் பொறுப்பு. இதை ஒப்பந்தத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆத்திரத்தில் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவதைச் சட்டம் தடை செய்கிறது. வீட்டைப் பார்வையிட வேண்டுமானால் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். உங்கள் வீடுதான், ஆனால் குடியிருப்பது இன்னொரு குடும்பம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் பெயரில் வீடு இருந்து, ஊரில் பெற்றோர் வாடகை வாங்குவது நம்மிடையே நிறைய உண்டு. உரிமையாளர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால், வாடகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், வாடகைதாரர் 31.2 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். உள்ளூர் உரிமையாளருக்கு மாத வாடகை ரூ.50,000-ஐத் தாண்டினால்தான் தனிநபர் வாடகைதாரர் வரி பிடிக்க வேண்டும், அதுவும் 2 சதவீதம். முன்கூட்டியே சொல்லாமல் விட்டு, குடியிருப்பவரை வருமான வரி நோட்டீஸில் மாட்டிவிடக் கூடாது.

லீஸ், அதாவது ஒத்தி, பற்றிப் பலர் யோசிப்பார்கள். மாத வாடகை இல்லாமல் எட்டு லட்சம், பத்து லட்சம் என்று மொத்தமாக வாங்கிக் கடனை அடைத்துவிடலாம் என்று தோன்றும். மூன்று வருஷம் கழித்து அந்தப் பத்து லட்சத்தைத் திருப்பித் தர எங்கே போவது? அடுத்த லீஸ்காரர் வந்தால்தான் முதலாமவருக்குப் பணம் என்ற நிலையில் இரண்டு குடும்பங்கள் நடுத்தெருவில் நிற்கும். அடமானத்தில் உள்ள வீட்டை, அதைச் சொல்லாமல் லீஸுக்கு விடுவது இன்னும் மோசம். கடன் தவறினால் வங்கி ஏலம் விடும்போது குடியிருப்பவரின் வாழ்நாள் சேமிப்பும் சேர்ந்து போய்விடும். கடன் உள்ள வீட்டை லீஸுக்கு விடாதீர்கள்.

காலி செய்யும் நாளுக்கான வேலை குடிவரும் நாளிலேயே தொடங்குகிறது. சாவி கொடுப்பதற்கு முன் இரு தரப்பும் சேர்ந்து நின்று ஒவ்வொரு அறையையும் செல்பேசியில் வீடியோ எடுத்து, ஃபேன், லைட், குழாய், சாவி எத்தனை, மீட்டரில் எத்தனை யூனிட் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். போகும்போது அதே தாளை வைத்துப் பார்த்து, மீட்டர் கணக்குப்படி மின்கட்டணத்தையும் உடைந்ததற்கு உரியதையும் மட்டும் ரசீதோடு கழித்து, மிச்ச அட்வான்ஸைக் கொடுத்துவிட வேண்டும். சட்டம் ஒரு மாத அவகாசம் தருகிறது. டெபாசிட்டில் பணம் அப்படியே இருந்தால் அவ்வளவு நாள் தேவைப்படாது. சாமான் ஏற்றிய வண்டி கிளம்புவதற்குள் அவர் கணக்கில் போட்டுவிடலாம், அவரும் அடுத்த வீட்டுக்காரருக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டியவர்தானே.